‘நண்பர் ஒருவர்’ என்று அச்சிடாதீர்கள்: போப் நினைவு மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஜி. யு. போப் நினைவு மலர்க் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

தாங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க நான் எழுதிக் கொடுத்த கட்டுரையை மலரிலிருந்து நீக்கிவிட்டதாகத் தங்கள் செயலாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேலியோல் கல்லூரிக்குத் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட்டின் வாழ்க்கையைப் பற்றியது அக்கட்டுரை. அவர் தமிழுக்குத் தொடர்பில்லாத ஓர் ஆங்கிலப் பாதிரியார் என்பதும், பிரித்தானிய ஆட்சிக்கு அதிகாரிகளைத் தயாரித்துக் கொடுத்தவர் என்பதும், அப்படிப்பட்டவருக்கு நம் மலரில் பக்கம் ஒதுக்குவது முறையாகாது என்பதும் கடிதத்தில் சொல்லப்பட்ட காரணங்கள். கட்டுரை நீக்கப்பட்டது மட்டுமென்றால் வருத்தத்தோடு இருந்துவிட்டிருப்பேன். பக்கப் பற்றாக்குறை எந்த மலருக்கும் வருவதுதான். ஆனால் பார்வைக்கு அனுப்பிய மெய்ப்புப் படியில், போப்பின் திருவாசக முன்னுரையைத் தமிழாக்கித் தந்திருக்கும் இடத்தில், ஜோவெட்டைக் குறிக்கும் தொடரும் மாற்றப்பட்டு ‘நண்பர் ஒருவர்’ என்று அச்சாகியிருக்கிறது. இதைக் குறித்துத் தங்களுக்குத் தனியே எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பக்கங்கள் அச்சகத்துக்குப் போகவிருப்பதால், பொதுவில் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

முதலில் அந்த முன்னுரை. திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1900ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அதன் முன்னுரைக்குத் தம் எண்பதாம் பிறந்தநாளான ஏப்ரல் 24ஆம் தேதியை இட்ட போப், 1837இல் தமிழின் முதற்பாடம் கற்றதை அதில் நினைவுகூர்ந்து, தம் இலக்கிய வாழ்வை இந்நூலோடு முடித்துக்கொள்வதாக எழுதுகிறார். அந்த இடத்தில்தான் ஒரு மாலைப் பொழுதைச் சொல்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரிச் சிற்றாலயத்தில் மாலை வழிபாடு முடிந்தபின், பேலியோல் கல்லூரியின் காலஞ்சென்ற தலைவரோடு முற்றத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். பேச்சு தமிழ்ப் புராணங்களையும் கவிதையையும் தத்துவத்தையும் பற்றிச் செல்கிறது. இடையில் சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு தலைவர், தமக்கே உரிய வெடுக்கென்ற தொனியில், “இதை நீர் அச்சிட்டே ஆகவேண்டும்” என்கிறார். சாகாவரம் ஒன்றும் தாம் வாங்கி வரவில்லை என்றும், அந்த வேலைக்கு நெடுங்காலம் பிடிக்கும் என்றும் போப் மறுமொழி சொல்கிறார். நிலவொளி தம் வெண்முடியிலும் கனிந்த முகத்திலும் விழ, தலைவர் திரும்பி நின்று போப்பின் தோளில் கை வைத்து, பெரிய பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ்வதற்கு வழி என்றும், அதை முடிக்கும்வரை நீர் வாழ்வீர் என்றும் சொல்கிறார். அப்போது தாம் அப்படி நினைக்கவில்லை என்றும், சோர்ந்த வேளைகளில் அந்தச் சொற்கள் தீர்க்கதரிசனம் போல நினைவுக்கு வந்து ஊக்கின என்றும், அவை நிறைவேறிவிட்டன, சொன்னவரோ கண் மறைந்துவிட்டார் என்றும் போப் எழுதுகிறார்.

போப் இங்கே பெயரைச் சொல்லவில்லை, கல்லூரித் தலைவர் என்ற பதவியை மட்டுமே சொல்கிறார் என்பது தங்கள் கடிதத்தின் வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். போப் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக அமர்ந்தது 1884இல். பின்னர் பேலியோல் சிற்றாலயத்தின் குருவாகவும் ஆனார். 1870 முதல் 1893இல் இறக்கும்வரை பேலியோலின் தலைவராக இருந்தவர் ஜோவெட். அவருக்குப் பின் வந்த எட்வர்டு கேர்டு, 1900இல் போப் முன்னுரை எழுதியபோது உயிரோடும் பதவியோடும் இருந்தார். ஆகவே ‘காலஞ்சென்ற தலைவர்’ என்று போப் சொல்லக்கூடியவர் ஜோவெட் ஒருவரே. ஆக்ஸ்ஃபோர்டில் அன்று அந்த முன்னுரையைப் படித்த எவருக்கும் பெயர் தேவைப்பட்டிருக்காது. நமக்குத்தான் தேவைப்படுகிறது. பெயரைச் சேர்க்க வேண்டிய இடத்தில், இருந்த பதவியையும் எடுத்துவிட்டு ‘நண்பர் ஒருவர்’ ஆக்குவது பதிப்புப் பணி ஆகாது.

இன்னொரு சான்றும் உண்டு. மகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டின் வால்டன் தெருவிலிருந்து ஒடுங்கிய பாதை வழியாகச் செல்லும் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். போப்பின் கல்லறையைத் தேடித்தான் போனேன். அக்கல்லில், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவர் என்பதோடு, பேலியோல் கல்லூரியின் சிற்றாலய குரு என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்கல்லை நிறுவியவர்கள் அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலிருந்த தமிழ் நண்பர்களும். நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் தம் பணத்தில் நாட்டிய கல்லில் பேலியோலின் பெயர் இருக்கிறது. நாம் இன்று வெளியிடும் மலரில் அது இருக்கக்கூடாது என்கிறோம். அதே தோட்டத்தில்தான் ஜோவெட்டும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று போப்பின் கல்லறையில் எழுதியிருப்பதாக நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி, தங்கள் மலரின் மெய்ப்பில் வண்ணப் பக்கமாகவே வந்திருக்கிறது. அந்தக் கல்லில் அவ்வாறு எதுவும் இல்லை. திருவாசகப் பாடலொன்றைக் கடிதத்தில் எழுதும்போது போப்பின் கண்ணீர்த்துளி தாளில் விழுந்த கதைக்கும் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. கதைகளுக்கு இடம் கிடைத்த மலரில், போப் தம் கைப்பட எழுதி அச்சிட்ட சாட்சியத்துக்கு இடமில்லை என்பதை எப்படி ஏற்பது?

தமிழுக்குத் தொடர்பில்லாதவர் என்று தாங்கள் தள்ளிய அந்த மனிதர் யார் என்பதை, மலரில் வராவிட்டாலும், இங்கேயாவது சுருக்கமாக எழுத அனுமதியுங்கள். அவருடைய வாழ்க்கையை அறிந்தால்தான் அந்த நிலாமுற்றத்துப் பேச்சு எத்தகையது என்பது விளங்கும்.

1817 ஏப்ரல் 15 அன்று லண்டனின் கேம்பர்வெல்லில் பிறந்தவர் ஜோவெட். தந்தை மென்மயிர்த் தோல் வணிகம் செய்து நொடித்தவர். குடும்பம் ஊர் மாறிப் போன பிறகும், புனித பவுல் பள்ளியில் படிப்பதற்காகச் சிறுவன் லண்டனில் ஓர் அறையில் பெரும்பாலும் தனியாகவே வளர்ந்தான். 1835இல் பேலியோலின் உதவித்தொகைத் தேர்வில் வென்றார். பட்டம் வாங்குவதற்கு முன்பே, 1838இல், அக்கல்லூரியின் ஃபெல்லோவாக, அதாவது நிர்வாகத்தில் பங்குள்ள உறுப்பினராக, தேர்ந்தெடுக்கப்பட்டார். 1842இல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ட்யூட்டர் ஆனார்; அதே ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையில் உதவிகுருவாகவும், 1845இல் குருவாகவும் பட்டம் பெற்றார். அன்றைய ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியப் பணியும் குருத்துவமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பிணைந்தே இருந்தன. அதன்பின் சாகும்வரை அவருக்கு அந்தக் கல்லூரியே வீடாக இருந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை.

1854இல் தலைவர் பதவி காலியானபோது, அது அவருக்கே கிடைக்கும் என்று மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ, புகழ்பெற்ற கிரேக்க அகராதியின் இணையாசிரியரான ராபர்ட் ஸ்காட்டுக்கு. ஜோவெட்டின் சமயக் கருத்துகள் பற்றிய ஐயமே இதற்குக் காரணம். மறுஆண்டில் அவர் பவுல் அடிகளின் நிருபங்கள் சிலவற்றுக்கு உரை வெளியிட்டார். அதே 1855இல் அரசு அவரைக் கிரேக்கத்துக்கான அரச பேராசிரியராக நியமித்தது. உடனே சக குருமார் புகார் சொல்ல, அவர் துணைவேந்தர் முன்னிலையில் நின்று திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுக்கும் மறுபடி கையெழுத்திட வேண்டியதாயிற்று. ஏற்கெனவே குருப்பட்டம் பெற்ற ஒருவரை அவ்வாறு அழைத்துக் கையெழுத்து வாங்குவது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை, கல்லூரிகளில் பணியாற்றிய நம் எல்லோராலும் உணர முடியும்.

அவமதிப்பு அத்தோடு முடியவில்லை. அந்தப் பேராசிரியர் பதவிக்கு எட்டாம் ஹென்றி காலத்தில் வைத்த ஊதியம் ஆண்டுக்கு 40 பவுண்டு. மற்ற பதவிகளுக்கு உயர்த்தியதுபோல் இதற்கும் உயர்த்தித் தரலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம், அவருடைய சமயக் கருத்தைக் காரணம் காட்டித் தடுத்துவிட்டார்கள். பத்து ஆண்டுகள் அந்த 40 பவுண்டுக்கே பாடம் நடத்தினார். 1865இல்தான் அது 500 பவுண்டு ஆயிற்று.

இடையில் 1860இல் ‘கட்டுரைகளும் மதிப்புரைகளும்’ என்ற தொகுதி வெளிவந்தது. எழுதிய எழுவரில் அறுவர் குருமார். ஜோவெட் அதில் வேதாகமத்துக்குப் பொருள் காண்பதைப் பற்றி எழுதினார். வேறெந்த நூலையும் படிப்பது போலவே வேதாகமத்தையும் படித்துப் பொருள் கொள்ளுங்கள் என்பதே அக்கட்டுரையின் மையக் கருத்து. அதாவது, எழுதியவர் யார், எந்தக் காலத்தில், யாருக்காக எழுதினார், அவர் கருதிய பொருள் என்ன என்பதை முதலில் கேளுங்கள். பின்வந்தவர்கள் அதன்மேல் ஏற்றிய கோட்பாடுகளை ஒதுக்கி வையுங்கள் என்கிறார். அப்படிப் படித்தாலும் அது மற்ற எந்த நூலையும் போல் ஆகிவிடாது, தனித்தே நிற்கும் என்பதும் அவருடைய நம்பிக்கை. இதற்காக நாடே கொந்தளித்தது. எழுவரில் இருவர் திருச்சபை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 1864இல் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலால் விடுவிக்கப்பட்டார்கள். ஜோவெட்மீது 1863இல் ஆக்ஸ்ஃபோர்டின் வேந்தர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கு மேலே செல்லாமல் கைவிடப்பட்டது. ஆனால் அதன் பிறகு அவர் இறையியலில் பெரிய நூல் எதையும் எழுதவில்லை. பிளேட்டோவின் பக்கம் திரும்பினார்.

இந்த வாழ்க்கைக்கும் திருவாசகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தீர்கள். என் விடை இதுதான். போப் 1839இல் சென்னைக்கு வந்தது கிறித்தவத்தைப் பரப்பும் நற்செய்திப் பணியாளராக. அப்படிப்பட்ட ஒருவர் சைவத் திருமுறையின் நடுநாயகமான நூலை மொழிபெயர்த்து வெளியிடுவது அவருடைய சொந்தத் திருச்சபையிலேயே புருவங்களை உயர்த்தச் செய்திருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது ஆங்கிலம் அறிந்த ஒரு தமிழ்ப் புலவரின் பாராட்டு அன்று. அதே திருச்சபையைச் சேர்ந்த, தம்மினும் மேல்நிலையில் உள்ள ஒரு குருவின் வாய்ச்சொல். அதைச் சொல்லக்கூடிய குருவாகவும், மற்றொரு மரபின் சமய நூலையும் அதன் சொந்தப் பொருளுக்காகவே படிக்கலாம் என்று கருதக்கூடிய குருவாகவும் அந்தக் கல்லூரியின் தலைவர் இருந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலுக்குப் பின்னால், 40 பவுண்டு ஊதியமும் வழக்கும் கையெழுத்தும் சேர்ந்த நெடிய போராட்டம் ஒன்று இருந்தது. ‘நண்பர் ஒருவர்’ என்னும் இரண்டு சொற்களில் அழிந்துபோவது அதுதான்.

பணியைப் பற்றி அவர் போப்பிடம் சொன்னதும் கேட்பவரைத் தேற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை அன்று. தாம் நடந்து பார்த்த வழியையே சொன்னார். பிளேட்டோவின் உரையாடல்கள் அனைத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, ஒவ்வொன்றுக்கும் நீண்ட முன்னுரை எழுதி, 1871இல் வெளியிட்டார். குறை சொன்ன கிரேக்க அறிஞர்கள் பலர். அவர் அதைத் திருத்தி 1875இலும், மீண்டும் திருத்தி 1892இலும் வெளியிட்டார். கடைசித் திருத்தத்தின்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது, உடலும் நலிந்திருந்தது. இடையில் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிசின் ‘வரலாறு’ (1881), அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ (1885) ஆகியவற்றின் பெயர்ப்புகளும் வந்தன. 1882 முதல் 1886 வரை பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அவருடைய நெடுநாள் நண்பர். படுக்கையில் இருந்தபடியே அவர் பிளேட்டோ முன்னுரைகளைப் படித்துக் குறிப்புகள் எழுதி அனுப்பினார், ஜோவெட் அவற்றை ஏற்று மாற்றங்கள் செய்தார். மூன்றாம் பதிப்பு வந்த மறுஆண்டு, 1893 அக்டோபர் 1 அன்று, ஜோவெட் காலமானார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் மெய்யியல் கற்பித்தது ஜோவெட்டின் இந்தப் பிளேட்டோ பெயர்ப்பைக் கொண்டுதான். கல்லூரி நூலகத்தில் இருந்த ஐந்து தொகுதிகளில் ‘குடியரசு’ அடங்கிய தொகுதியின் முதுகு பிரிந்து, வெள்ளைத் துணிப்பட்டை ஒட்டப்பட்டிருக்கும். குகை உவமை வரும் பக்கங்களின் ஓரத்தில், எனக்கு முன் அப்பாடத்தை நடத்திய ஒருவர் பென்சிலால் மாயை, பாசம், மலம் என்று சைவ சித்தாந்தச் சொற்களைத் தமிழில் குறித்து வைத்திருந்தார். ஆங்கிலம் திணறித் திணறிப் படித்த மாணவர்கள்கூட அந்த ஆங்கிலத்தைப் பின்தொடர முடிந்தது. வாக்கியம் தெளிவாக ஓடும்; சாக்ரட்டீஸ் ஒரு மனிதராகப் பேசுவார். துல்லியமான புதிய பெயர்ப்புகள் பின்னாளில் வந்தன, அவற்றையும் பயன்படுத்தினேன். ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பல தலைமுறைகள் பிளேட்டோவைச் சந்தித்தது ஜோவெட்டின் குரலில்தான். தமிழுக்குத் தொடர்பில்லாதவர் என்று இவரைப் பற்றிச் சொல்லும் குழுவில், என் வகுப்பில் அமர்ந்து அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் இருவராவது இருக்கிறார்கள்.

இனி இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதை நான் மறுக்கப் போவதில்லை. என் கட்டுரையிலும் மறைக்கவில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதைப் பற்றியதுதான். 1854இல் மெக்காலே தலைமையில் அமைந்து, இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வை வகுத்துக் கொடுத்த குழுவில் ஜோவெட் ஓர் உறுப்பினர். அந்தத் தேர்வு லண்டனில் நடந்தது. கடல் கடந்து போக வழியுள்ள இந்தியர் சிலரே அதை எழுத முடிந்தது. 1870களின் இறுதியில் வயது வரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைத்து, அந்த வாயிலையும் இந்தியருக்கு ஏறத்தாழ அடைத்தார்கள். அதை எதிர்த்து சுரேந்திரநாத் பானர்ஜி நாடெங்கும் சென்று கூட்டங்கள் நடத்தினார். அதே ஏற்பாட்டின்கீழ்த் தேர்வான இளைஞர்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பயில வேண்டும் என்றானபோது, அவர்களில் பெரும்பங்கினரைப் பேலியோலுக்கு ஈர்த்துக்கொண்டவர் ஜோவெட். 1888 முதல் 1905 வரை அடுத்தடுத்து வந்த மூன்று வைசிராய்களும், அதாவது லான்ஸ்டவுன், எல்ஜின், கர்சன் மூவரும், பேலியோல் மாணவர்கள். வங்கத்தைப் பிரித்தவர் கர்சன். தம் மாணவர்கள் பெரிய நாற்காலிகளில் அமர்வதில் ஜோவெட்டுக்கு அளவு கடந்த ஆசை இருந்தது. ஆளப்படும் மக்கள் அந்த நாற்காலியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மேட்டுக்குடி மாணவர்கள்மீது தனிச் சாய்வு இருந்தது என்ற குற்றச்சாட்டும் அவர் காலத்திலேயே எழுந்ததுதான். எல்லாம் தெரிந்தவர் போல நடக்கிறார் என்று அவருடைய மாணவர்களே கட்டிய கேலிப்பாட்டு இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

இவை அனைத்தும் அச்சாகட்டும். ஆனால் இவற்றோடு சேர்ந்து அச்சாக வேண்டிய செய்திகளும் உண்டு. திருச்சபைக் கோட்பாடுகளை ஏற்பதாகக் கையெழுத்திடும் சமயச் சோதனை இல்லாமல் எவரும் ஆக்ஸ்ஃபோர்டில் பட்டமும் பதவியும் பெற வேண்டும் என்று வாதாடியவர்களுள் அவர் ஒருவர். அதற்கான சட்டம் 1871இல் வந்தது. பிரிஸ்டல் நகரில் 1876இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தொடங்குவதற்குத் தம் கல்லூரியின் பணத்தைத் தர முன்வந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியான கார்னீலியா சொராப்ஜி 1889இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சட்டம் படிக்க விரும்பியபோது, அவரை அழைத்து, அறிமுகங்கள் செய்துவைத்து, 1892இல் ஆண்களோடு சமமாகச் சட்டத் தேர்வு எழுதச் சிறப்பு அனுமதி பெறத் துணை நின்றவரும் இவரே. பட்டத்தைக் கையில் தர ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின என்பது வேறு செய்தி.

ஆட்சியோடு உறவு வைத்திருந்தவர் என்பதற்காக ஒருவரை நீக்குவது தங்கள் அளவுகோலானால், அது எங்கே போய் நிற்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். போப் தமிழ் கற்பிக்க அமர்த்தப்பட்டதே, இந்தியாவுக்கு அனுப்பப்படும் இளம் அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி தேவைப்பட்டதனால்தான். ஆக்ஸ்ஃபோர்டில் தமிழுக்கு ஒரு நாற்காலி கிடைத்ததும், அந்த நாற்காலியில் இருந்தபடியே அவர் 1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் வெளியிட்டதும் அதே ஏற்பாட்டின் விளைவு. அவரை அட்டையில் வைத்துவிட்டு, அவரைத் தோளில் தட்டி எழுதச் சொன்னவரை மட்டும் வெளியே நிறுத்துவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. முன்னுரையின் தமிழாக்கத்தில் ‘நண்பர் ஒருவர்’ என்பதை நீக்கி, போப் எழுதியபடியே ‘பேலியோல் கல்லூரியின் காலஞ்சென்ற தலைவர்’ என்று அச்சிட்டு, அவர் பெஞ்சமின் ஜோவெட் என்பதை அதே பக்கத்தின் அடியில் ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். இது கட்டாயம் செய்ய வேண்டியது. இதில் பக்கப் பற்றாக்குறை என்ற சமாதானத்துக்கு இடமில்லை. அடுத்து, என் கட்டுரையை முழுதாக வெளியிட இயலாவிட்டால் நான்கு பக்கங்களுக்குச் சுருக்கித் தரத் தயாராக இருக்கிறேன், ஆனால் சிவில் சர்வீஸ் பற்றிய பகுதியை நீக்கச் சம்மதிக்க மாட்டேன், வேதாகமக் கட்டுரை பற்றிய பகுதியையும் நீக்கச் சம்மதிக்க மாட்டேன். அதை நான் எழுதக்கூடாது என்று குழு கருதினால், ஆங்கிலக் கல்வி வரலாறு அறிந்த வேறு எவரிடமாவது எழுதி வாங்கி வெளியிடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்லறை வாசகம் பற்றிய வண்ணப் பக்கத்தில், கல்லில் உண்மையில் உள்ள வாசகத்தின் தமிழாக்கத்தை இடுங்கள். அதன் ஒளிப்படம் என்னிடம் இருக்கிறது, கட்டணமின்றித் தருகிறேன். கண்ணீர்த்துளிக் கதையை வெளியிடுவதானால், அது செவிவழிச் செய்தி என்று குறிப்பிட்டு வெளியிடுங்கள்.

பக்கங்கள் அச்சகத்துக்குப் போகுமுன் குழு கூடி முடிவெடுத்து, அதை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். முன்னுரைத் திருத்தம் செய்யப்படாவிட்டால், மலரின் ஆலோசகர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள். நான் திருத்திக் கொடுத்த மற்ற மெய்ப்புகளை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கல்லூரியின் மெய்யியல் துறை முன்னாள் ஆசிரியர்